யார் பற்றில் எழுதுவது?



கடைத்தெருவிலே சிறு மளிகைக் கடை வைத்திருப்பவர்கூட, இரவு கதவைச் சாத்துமுன் பேரேட்டைப் பிரித்து, வரவு இவ்வளவு, பற்று இவ்வளவு, இன்னார் பெயரில் நிலுவை இவ்வளவு என்று எழுதிவைத்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார். கூட்டலிலே பிழை நேர்ந்தால், கணக்கில் தடுமாறிவிட்டார் என்போம். கந்தன் வாங்கிய சர்க்கரையை முருகன் பற்றில் எழுதினாலோ, அதற்கு வேறு பெயர் சூட்டுவோம்.

இன்று நாட்டுக்கு நாடு, பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், ஒரு பெரிய பேரேடு எழுதப்பட்டு வருகிறது. பயங்கரவாதத்தின் பேரேடு அது! குண்டு வெடிக்கும் வாய்ப்பு எவ்வளவு, வெடித்தால் இழப்பு எவ்வளவு, தடுத்து நிறுத்தச் செலவு எவ்வளவு என்று கூட்டியும் பெருக்கியும் காட்டும் கணக்கு. கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. பற்று எவர் பெயரில் ஏறுகிறது என்பதைத்தான் நாம் சற்று உற்றுப் பார்க்கவேண்டியிருக்கிறது.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் நகரத்து இரட்டைக் கோபுரங்கள் சாய்ந்தன. அதன் பின்னர் அமெரிக்க அரசு உள்நாட்டுப் பாதுகாப்புக்கென்றே ஒரு தனித்துறையை அமைத்தது. அத்துறை, காவலரையும் படையினரையும் மட்டும் நம்பியிராமல், பல்கலைக்கழகங்களின் கதவையும் தட்டிற்று. அப்படி முதன்முதலாக 2004-ல் நிறுவப்பட்டது, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையம். பயங்கரவாதச் செயல்களின் ஆபத்தையும், அவற்றால் விளையும் பொருளாதார விளைவுகளையும் அளந்தறிவதே அதன் பணி. பொருளியல் வல்லுநர், பொறியியலார், உளவியலார், கணக்கியலார் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர்.

அவர்களின் அடிப்படை மிக எளிது. ஆபத்து என்பது மூன்றின் பெருக்கம். தாக்க வருவோரின் எண்ணமும் ஆற்றலும் ஒன்று. தாக்கப்படும் இடத்தின் காப்பற்ற தன்மை இரண்டு. தாக்கினால் விளையும் கேடு மூன்று. இம்மூன்றில் ஏதேனும் ஒன்று சுழியானால் பெருக்கமும் சுழி. ஆகவே, எங்கே எதைக் குறைத்தால் ஆபத்து மிகுதியாகக் குறையுமோ, அங்கே பணத்தைச் செலவிடுக என்பது அவர்கள் அரசுக்குக் கூறும் யோசனை.

இதை ஏளனம் செய்ய நான் முன்வரவில்லை. நல்ல முடிவுகள் சிலவற்றை அவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தில் கதிரியக்கப் பொருள் கலந்த குண்டு வெடித்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார்கள். குண்டினால் நேரே மாள்பவர் சிலராகவே இருப்பினும், துறைமுகம் மூடிக்கிடப்பதால் வரும் இழப்பு பன்மடங்காகப் பெருகும் என்று கண்டார்கள். செப்டம்பர் 11 தாக்குதலையும் அவ்வாறே அளந்தார்கள். கோபுரத்தோடு வீழ்ந்த வாணிபத்தைவிட, அதன்பிறகு விமானத்தில் ஏற மக்கள் அஞ்சியதால் விளைந்த பொருளிழப்பே பெரிது என்றார்கள். நம் நாட்டில் கல்வி பயின்று அங்கே பேராசிரியராகச் சென்ற மிலிந்த் தாம்பே என்பாரின் குழுவினர், அந்நகரத்து விமான நிலையத்தில் சோதனைச் சாவடிகளை எந்த நாளில் எங்கே அமைப்பது என்பதை எவரும் முன்னறிய முடியாதபடி கணிப்பொறியைக் கொண்டே திட்டமிடும் முறையை 2007-ல் அளித்தனர்.

ஸ்பெயின் நாட்டு பாஸ்க் பகுதியைப் பற்றி 2003-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. அபாடி, கார்தியாசாபால் என்ற இருவர் செய்தது. குண்டும் கொலையும் இல்லாதிருந்தால் பாஸ்க் நாடு எப்படி வளர்ந்திருக்கும் என்பதற்கு, ஸ்பெயினின் பிற பகுதிகளை உரிய அளவில் கலந்து ஒரு ‘கற்பனை பாஸ்க்’ உருவாக்கி, அதனோடு உண்மைப் பாஸ்க்கை ஒப்பிட்டனர். தலைக்கு வரும் உற்பத்தி 10 விழுக்காடு அளவுக்குத் தாழ்ந்துபோயிற்று என்பது அவர்கள் முடிவு. கூர்த்த அறிவு! நான் மறுக்கவில்லை.

ஆனால், தோழர்களே, “லாஸ் ஏஞ்சல்சும் பாஸ்க்கும் இருக்கட்டும், திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இதனால் ஆவதென்ன?” என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்கத்தான் வேண்டும்.

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் ரயிலில் ஏறி அமருங்கள். கிழக்கே கடலோரம் மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் 2001-ல் திறக்கப்பட்ட துறைமுகம், அதற்கு இன்று காமராசர் பெயர், அதனருகே 2019 முதல் இயங்கும் திரவ எரிவாயு முனையம், வடசென்னை அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம். மேற்கே ஆவடியில் டாங்கி செய்யும் படைத்துறைத் தொழிற்சாலை. பொன்னேரி தாண்டி, கவரைப்பேட்டை தாண்டி, ஆந்திர எல்லையை நெருங்கினால் கும்மிடிப்பூண்டியின் சிப்காட் வளாகம். இரும்பு உருக்காலைகள், உருட்டாலைகள், ரசாயனத் தொழிற்கூடங்கள். தமிழரோடு பீகாரியும் ஒரியரும் அசாமியரும் ஜார்க்கண்டு மக்களும் தோளோடு தோள் நின்று உலைமுன் வேகும் இடம். ‘ஆபத்தை அளப்போர்’ வந்து பார்த்தால், அவர்களின் மூன்றாவது எண், ‘கேடு’ என்னும் அந்த எண், வானைத் தொடும் இடம் இது.

2024 அக்டோபர் 11 இரவு, கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயில்மீது பாக்மதி விரைவு ரயில் மோதிற்று. உயிர்ப்பலி இல்லை, பலர் காயமுற்றனர். தண்டவாள இணைப்பில் எவரேனும் கைவைத்தனரோ என்ற ஐயம் எழுந்தது. தேசியப் புலனாய்வு முகமையினரும் வந்து பார்த்தனர். அதற்கும் பத்தாண்டுகள் முன்னர், 2014 மே 1 காலை, கவுகாத்தி செல்லும் ரயிலில் சென்னை சென்ட்ரல் நிலையத்திலேயே குண்டுகள் வெடித்து ஓர் இளம்பெண் மாண்டார். அந்த ரயில் வடக்கே போகும் வழியும் இதே கும்மிடிப்பூண்டி வழிதான். ஆகவே, இது நமக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று.

தொழிற்கூட முதலாளிகளுக்கும் இது தெரியும். தெரிந்ததனால்தான் பணம் கட்டுகிறார்கள். 2001-க்குப் பின் உலகத்து மறுகாப்பீட்டு நிறுவனங்கள், பயங்கரவாத இழப்பை இனி நாங்கள் ஏற்கமாட்டோம் என்று கையை விரித்தன. உடனே 2002 ஏப்ரலில் நம் நாட்டு இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு பொது நிதியம் அமைத்தன. அதை நடத்துவது அரசுடைமையான பொதுக் காப்பீட்டுக் கழகம். தீ விபத்துக் காப்பீட்டோடு சிறு தொகை கூடுதலாகக் கட்டினால், பயங்கரவாதத்தால் ஆலைக்கும் எந்திரத்துக்கும் சரக்குக்கும் நேரும் கேட்டுக்கு ஈடு கிடைக்கும். தொடக்கத்தில் ஓர் இடத்துக்கு 200 கோடி ரூபாய் வரை என்றிருந்தது, பின்னர் 2,000 கோடி ரூபாய் வரை உயர்ந்தது. இத்தனை ஆண்டுகளில் திரண்ட பணத்தோடு ஒப்பிட்டால் வெளியே சென்ற ஈட்டுத்தொகை சிறிதே. அதில் பெரும்பங்கு 2008 நவம்பரில் மும்பையில் தாக்கப்பட்ட பெரிய ஓட்டல்களுக்குச் சென்றது. கட்டடம் காக்கப்படட்டும், நமக்கு அதில் வருத்தமில்லை.

கட்டடத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதனுள் நிற்கும் ஆளுக்கு?

அமெரிக்கக் கணக்கில் அதற்கும் ஓர் எண் உண்டு. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் காப்பு முகமை, உயிரிழப்பைத் தவிர்க்கும் திட்டங்களின் பயனை அளக்க, ஓர் உயிருக்கு 2006-ஆம் ஆண்டு மதிப்பில் 74 லட்சம் டாலர் என்று எழுதிக்கொள்கிறது. உயிருக்கு விலை போடுவதா என்று முகம் சுளிக்கலாம். ஆனால் விலை உயரப் போட்டால்தான், அதைக் காக்கச் செலவிடுவது ‘இலாபம்’ என்று கணக்கு சொல்லும். இங்கே என்ன எழுதினார்கள்? போபால் நச்சுக்காற்றில் ஆயிரமாயிரம் பேர் மடிந்து, ஆறாண்டுகள் கழித்து, 1991-ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இயற்றினார்கள். ரசாயன விபத்தில் ஆலைக்கு வெளியே இருக்கும் ஒருவர் மாண்டால் உடனடி நிவாரணமாக அந்தச் சட்டம் அன்று வைத்த தொகை 25,000 ரூபாய்! ஓர் ஆலைக்கு 2,000 கோடி ஏறும் ஏட்டில், ஆலையின் மதிலுக்கு அப்பால் குடியிருந்தவனுக்கு ஏறிய தொகை இதுதான். அந்தக் கணக்கில் மூன்றாவது எண்ணைப் போடுங்கள். மதில் காப்பது இலாபம் என்றும், மக்கள் காப்பது நட்டம் என்றும் விடை வராமல் வேறென்ன வரும்?

இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும். இதுதான் நான் எழுதவந்ததன் நடுநாயகம்.

1991 மே 21 இரவு, திருப்பெரும்புதூரில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொலையுண்டார். காவலரும், கட்சித் தொண்டரும், ஒரு சிறுமியும் உடன் மாண்டனர். கொலையைக் கொலை என்றே கூறுவோம். அதற்குப் பூச்சூட்ட எவருக்கும் உரிமையில்லை. திருப்பெரும்புதூரும் கும்மிடிப்பூண்டியும் அந்நாளில் ஒரே மாவட்டம், செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல்தான் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது.

இப்போது பாஸ்க் நாட்டை அளந்த அளவுகோலைத் திருப்பெரும்புதூரில் வைத்துப் பாருங்கள். நாட்டையே உலுக்கிய குண்டு வெடித்த ஊர். மூலதனம் அஞ்சி ஓடியிருக்க வேண்டுமே? ஓடவில்லை. 1996-ல் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் அதனருகே இருங்காட்டுக்கோட்டையில் கால்கோள் இட்டது. 1998-ல் கார்கள் வெளிவந்தன. 2006-ல் நோக்கியா வந்தது. 2014-ல் அது மூடப்பட்டதும் வரிவழக்கும் வாணிபமும் செய்த வேலையே தவிர, வெடிகுண்டு செய்த வேலையன்று. இன்று ஆசியாவின் பெயர்பெற்ற தொழில்வட்டங்களில் ஒன்று திருப்பெரும்புதூர். ஆகவே ஆராய்ச்சியாளர் ஏட்டில் என்ன விழும்? ‘பொருளாதார விளைவு: குறிப்பிடத்தக்கதாக இல்லை.’

இல்லையா? கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள்.

1990-ல் இலங்கையில் போர் மீண்டும் மூண்டபோது கடல்கடந்து வந்த தமிழர்களுக்காகக் கும்மிடிப்பூண்டியில் ஒரு முகாம் அமைந்தது. தமிழகத்து முகாம்களில் பெரியவற்றுள் ஒன்று. புழலில் இன்னொன்று. வந்தவர்கள் குண்டுக்கும் கொலைக்கும் தப்பி ஓடிவந்தவர்கள். கையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு குழந்தை. வந்து ஓராண்டு நிறைவதற்குள் திருப்பெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதை அவர்கள் வைக்கவில்லை. வைத்தவர்களை அவர்களுள் பெரும்பாலோர் கண்டதுமில்லை. ஆயினும் மறுநாள் காலை முதல், பேரேட்டில் அந்தப் பற்று அவர்கள் பெயரில் ஏறலாயிற்று.

உயர்கல்வியில் ஏதிலிப் பிள்ளைகளுக்கு இருந்த சலுகை இடங்கள் பறிபோயின. 1996-க்குப் பிறகே அந்தக் கதவு மீண்டும் மெல்லத் திறந்தது. ஐந்தாண்டுகள்! பதினேழு வயதில் இருந்தவனுக்கு இருபத்திரண்டு ஆகிவிட்டது. மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆகியிருக்கக்கூடியவன் சுவருக்கு வர்ணம் பூசும் தூரிகையைக் கையில் எடுத்தான். முகாம் ஆண்களுக்கு இன்றளவும் வாய்த்த தொழில்களில் முதலாவது அதுதான். தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழையத் தடை வந்தது. 1992 சனவரி முதல் திருப்பி அனுப்பும் படலம் தொடங்கிற்று. மூன்றே ஆண்டுகளில் 50,000-க்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டனர். விரும்பிச் செல்கிறோம் என்ற ஒப்புதல், அவர்களுக்குப் புரியாத ஆங்கிலப் படிவத்தில் பெறப்படுகிறது என்ற முறையீடு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அனுப்பிவைக்கப்பட்ட நாட்டில் போர் ஓய்ந்திருந்ததா? இல்லை. 1995-க்குப் பிறகு மீண்டும் படகேறி வந்தார்கள்.

எஞ்சியோர் வாழ்க்கை, தலைக்கணக்கு வாழ்க்கை. வருவாய்த்துறையினர் கணக்கெடுக்க வரும் நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். இல்லாவிடில் பெயர் நீங்கும், உதவித்தொகை நிற்கும். கியூ பிரிவு காவலரின் கண் எப்போதும் மேலே. தொலைவில் நல்ல கூலிக்கு வேலை கிடைத்தாலும் போகமுடியாது. அருகிலுள்ள சிப்காட் ஆலைக்கும் கட்டட வேலைக்கும் அன்றாடக் கூலியாகப் போகலாம். உழைப்பு மலிவாகக் கிடைத்ததால் யார் வரவில் அது ஏறியது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பத்தைந்தாண்டுகள் உருண்டோடிவிட்டன. 2021-ல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் நீங்கி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்றாயிற்று, வீடுகள் கட்டித்தரும் திட்டமும் வந்தது, வரவேற்போம். ஆனால் 2019-ல் நாடாளுமன்றம் திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு; இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை, 2015-க்கு முன் வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு இன்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. தண்டனை இல்லை என்றார்கள்; குடிமகன் என்று கூறினார்களில்லை. முகாமிலே பிறந்து, முகாமிலே மணந்து, முகாமிலே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இழந்த கல்வி, இழந்த கூலி, கடன் தரமறுத்த வங்கி, கிடைக்காத அரசு வேலை யாவற்றையும் கூட்டினால் எத்தனை கோடி ஆகும்? கற்பனை பாஸ்க்கைச் சமைத்தவர்கள், ‘கற்பனைக் கும்மிடிப்பூண்டி முகாம்’ ஒன்றையும் சமைத்துப் பார்க்கலாமே! அந்தக் கணக்கை எந்தப் பல்கலைக்கழகமும் போட்டதாக எனக்குத் தெரிந்தவரை இல்லை.

பூந்தமல்லியையும் மறந்துவிடாதீர்கள், அதுவும் இன்று திருவள்ளூர் மாவட்டமே. அங்கே தடா சட்டத்தின்கீழ் தனிநீதிமன்றம் அமைந்து, 1998 சனவரி 28 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும், ஒருவர் விடாமல், தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரை விடுவித்தது. இவ்வழக்குக்குத் தடா சட்டத்தின் பயங்கரவாதப் பிரிவே பொருந்தாது என்றும் தீர்ப்பளித்தது. பத்தொன்பது பேரின் எட்டாண்டுகள்! நாடெங்கும் அச்சட்டத்தில் அடைபட்டோர் பல்லாயிரவர். தண்டனை பெற்றோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 1995-ல் தடா காலாவதியாயிற்று. 2002-ல் பொடா பிறந்தது. 2004-ல் அது நீக்கப்பட்டபோது அதன் பற்கள் ஊபா சட்டத்தின் வாயில் பொருத்தப்பட்டன. சிறையில் கழிந்த அந்த ஆண்டுகள் பயங்கரவாதத்தின் பொருளாதார விளைவுகளில் சேருமா, சேராதா? சம்பாதிக்கும் கை சிறைக்குள் இருந்தால் அடுப்பு எரியாத வீடு, அந்த ஏட்டின் எந்தப் பக்கத்தில்?

“பாதுகாப்பே வேண்டாம் என்கிறாயா? குண்டு வைப்பவனைத் தேடவேண்டாம் என்கிறாயா?” என்று சிலர் கிளம்புவார்கள். அப்படி எவர் கூறினார்? தேடுக, பிடிக்க, தண்டிக்க. நான் சொல்வது, ஒருவன் வைத்த குண்டுக்கு அவனுடைய மொழியைப் பேசுகிறவனிடமும் அவனுடைய மதத்தைச் சார்ந்தவனிடமும் விலை வசூலிக்காதீர் என்பது. வசூலித்தால், அதை மறைக்காமல் ஏட்டில் எழுதுங்கள் என்பது.

கோவையிலும் இதுவே நடந்தது. 1997 நவம்பர் இறுதியில் மூண்ட கலவரத்தில் இசுலாமிய வணிகர் கடைகள் சூறையாடப்பட்டன. நடைபாதையில் துணி விற்றவனின் மூலதனமெல்லாம் ஒரே இரவில் சாம்பலாயிற்று. 1998 பிப்ரவரி 14 அன்று தொடர்குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். மாண்டவருள் அக்கலவரத்தில் பங்குகொண்டோர் எத்தனை பேர் இருந்திருப்பர்? மருத்துவமனைக்கு வந்தோரும் கடைவீதிக்கு வந்தோரும் மாண்டனர். அதன்பின் நெடுநாள் வாடகைக்கு வீடு கேட்டுப் போன இசுலாமியத் தோழனுக்குக் கிடைத்த விடை, நீங்கள் அறிந்ததே. குண்டின் விலையை இரு பக்கத்திலும் கொடுத்தவன் ஏழை.

கடலுக்கு அப்பால் பாருங்கள். 2001 சூலை 24 அன்று கட்டுநாயக்க விமான நிலையத்தை விடுதலைப் புலிகள் தாக்கினர், விமானங்கள் எரிந்தன. லண்டன் மாநகரத்துக் காப்பீட்டுச் சந்தையினர் இலங்கைக்குச் செல்லும் கப்பலுக்கும் விமானத்துக்கும் போர்க்காலக் கட்டணத்தை உயர்த்தினர். அவ்வாண்டு இலங்கையின் உற்பத்தி, விடுதலைக்குப் பிறகு முதன்முறையாகச் சுருங்கிற்று. இந்த அத்தியாயம் பொருளியல் ஏடுகளில் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. ஆனால் 1983 சூலையில் கொழும்பில் தமிழர் கடைகளும் ஆலைகளும் வீடுகளும் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடித்தேடிக் கொளுத்தப்பட்டனவே, அரசின் காவலர் கைகட்டி நிற்க? அது ‘கலவரம்’ என்ற தலைப்பில் வேறு பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டமும், அதை அடியொற்றிய ஆராய்ச்சியும், பயங்கரவாதம் என்றால் அரசல்லாதார் செய்வது என்றே வரையறை வகுத்துக்கொண்டன. வரையறை வகுத்தவுடனேயே பேரேட்டின் பாதிப் பக்கங்கள் கிழிந்துபோயின. கும்மிடிப்பூண்டி முகாமுக்கு மக்களை ஓட்டிவந்த தீ எது என்று பார்த்தால், கிழிந்த பக்கங்களின் அருமை விளங்கும்.

இனி, குண்டே இல்லாத குண்டு ஒன்றைப் பற்றி.

2020 ஆகஸ்டு 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், நகரமே நொறுங்கிற்று. எந்தப் பயங்கரவாதியும் அதைச் செய்ததாக நிலைநாட்டப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் கிடங்கிலே கிடக்கவிட்ட அலட்சியம் செய்தது. அந்தச் செய்தி வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ சென்னையில் சுங்கத்துறையினருக்குத் திடீரென நினைவு வந்தது: மணலியிலே, 2015-ல் கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அதே பொருள் சரக்குப் பெட்டகங்களில் கிடக்கிறதே! பொருள் வந்துசேர்ந்தபோது மணலி திருவள்ளூர் மாவட்டம். 2018-ல் எல்லை மாற்றி அதைச் சென்னையோடு சேர்த்தார்கள். மாவட்டம் மாறியும் பெட்டகம் மாறவில்லை. பெய்ரூட்டில் பிணங்களை எண்ணத் தொடங்கிய பிறகே, அவசர அவசரமாக ஏலம் எடுத்தவரிடம் ஒப்படைத்து ஐதராபாத்துக்கு லாரிகளில் ஏற்றினார்கள். அந்த ஐந்தாண்டுகளில் பக்கத்து ஊரார்க்கு ஒரு துண்டறிக்கை? ஒரு சொல்? எதுவுமில்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் கண்ணெரிந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டிலே ஓடினார்கள். எந்தத் திசையில் ஓடுவது என்று அவர்களுக்கு எவரும் முன்னர்ச் சொல்லியதில்லை. காற்று வீசும் திசைக்குக் குறுக்கே ஓடவேண்டும் என்பது பேராசிரியர்களுக்குத் தெரியும்; மீனவப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? 1989-ஆம் ஆண்டின் அபாய ரசாயன விதிகளில், ஆலைக்கு வெளியே உள்ள மக்களைக் காப்பதற்கான அவசரத் திட்டம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கவேண்டும், ஒத்திகையும் நடத்தவேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது!

ஆராய்ச்சியாளரின் சூத்திரத்துக்கு மீண்டும் வாருங்கள். முதல் எண், தாக்குபவனின் எண்ணம். அந்தக் கசிவிலும் பெட்டகத்திலும் அது சுழி. ஆகவே பெருக்கமும் சுழி. பயங்கரவாத ஏட்டில் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாவது எண்ணும் மூன்றாவது எண்ணும், காப்பின்மையும் கேடும், முழு உருவில் அங்கே நிற்கின்றன. குண்டு வைக்க வருபவன் அந்தக் குழாயைத்தான் தேடி வருவான், அந்தப் பெட்டகத்தைத்தான் தேடி வருவான். அலட்சியக்காரனுக்கும் பயங்கரவாதிக்கும் திறந்திருக்கும் கதவு ஒன்றே. குழாயைப் பழுதுபார்த்தால், கிடங்கைக் காலிசெய்தால், குப்பத்துக்கு ஒரு சங்கும் ஓடும் வழியும் வைத்தால், இருவருக்கும் அந்தக் கதவு சாத்தப்படும். இதில் ஆள்தூக்கும் சட்டம் எதுவும் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ ஆட்சிபீடங்களுக்கு அது சுவைப்பதில்லை.

எனவே நாம் கேட்பது இது. அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மால்கம் ஆதிசேசையா அடையாறில் 1971-ல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. எண்ணூரிலிருந்து ஆரம்பாக்கம் வரையிலான இந்த நிலத்தின் ஆபத்துக் கணக்கை அவர்கள் போடட்டும். லாஸ் ஏஞ்சல்சின் கருவியை வாங்கிக்கொள்ளட்டும்; அறிவுக்கு எல்லையில்லை. ஆனால் இழப்பின் பட்டியலில் உருட்டாலையின் எந்திரத்தோடு உலைமுன் நிற்கும் ஒரியத் தொழிலாளியின் ஆயுளையும், துறைமுகத்தின் நாள்வருமானத்தோடு பழவேற்காட்டு மீனவரின் வலையையும், 1991 முதல் இன்றுவரை முகாமில் கட்டப்பட்ட அந்த விலையையும் சேர்த்து எழுதட்டும். எழுதியதைத் தமிழில் வெளியிடட்டும். ஆலைத் தொழிலாளருக்கு இந்தியிலும் ஒரியாவிலும் வங்காளத்திலும் அச்சிட்டு வாயிலில் ஒட்டட்டும். ‘பாதுகாப்பு இரகசியம்’ என்று காவல்துறை சொல்லுமானால், காவலரின் நடமாட்டத்தை மறைத்துக்கொள்ளட்டும். மக்கள் ஓடவேண்டிய வழியை மறைக்கவேண்டியதில்லை.

இந்தப் பகுதித் தோழர்களுக்குத் தனியே ஒரு வேலை உண்டு. வரும் கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டத்தின் படி ஒன்றை எழுத்துமூலம் கேளுங்கள். கடைசியாக ஒத்திகை எந்த நாளில், எந்த ஊரில் நடந்தது என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் செலவு. சிப்காட்டில் தொழிற்சங்கம் நடத்தும் தோழர்கள், ஆலையின் பயங்கரவாதக் காப்பீட்டுத் தொகை எவ்வளவு, ஒப்பந்தத் தொழிலாளியின் உயிர்க்காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று நிர்வாகத்திடம் கேட்டு, இரண்டையும் சங்கப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள். முகாமுக்குச் செல்லும் தோழர்கள், 1991-க்கும் 1996-க்கும் இடையே பள்ளி இறுதி முடித்தவர் எவரெவர், என்ன படிக்க எண்ணினார்கள், என்ன வேலையில் சேர்ந்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, அவர்கள் இசைந்தால் மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். பல்கலைக்கழகத்தார் ஏட்டைத் திறக்கும் நாளில், முதல் பக்கத்துக்கு வேண்டிய எண்கள் நம்மிடம் ஆயத்தமாக இருக்கும்.